மேலாளருக்குக் கொடுத்த டிராகன்

இறக்கை விரித்த சிவப்பு டிராகன் ஒன்று, மூலை மடங்கிய சீட்டில், மேலாளரின் தேநீர் டம்ளருக்குப் பக்கத்தில் படுத்திருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அதை அவருக்குக் கொடுத்தவன் நான்தான். வாழ்க்கையில் நான் மனமாரக் கொடுத்த பரிசுகள் குறைவு. அவற்றில், வாங்குகிறவர் அழியவேண்டும் என்றே கொடுத்தது அது ஒன்றுதான்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கப்பல் முகவர் அலுவலகம் எங்களுடையது. மேலாளர், ஆவணங்கள் பார்க்கும் அக்கா, சுங்க வேலைகளைக் கவனிக்கும் அண்ணாச்சி, நான். ஊர் திரும்ப விமானத்துக்குக் காத்திருந்த பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர், பொழுது போகாமல் எங்களுக்கு அந்த மாயச்சீட்டு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து, பெட்டி பெட்டியாகச் சீட்டுகளையும் விட்டுவிட்டுப் போனார். ஆளுக்கொரு கட்டு சேர்த்துக்கொள்ளலாம். வேண்டாததைக் கொடுத்து வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். கட்டிலிருந்து பூதங்களையும் வீரர்களையும் இறக்கி, மற்ற மூவரில் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். உயிர்ப்புள்ளி தீர்ந்தவர் வெளியே. இதில் மேலாளர் சொந்தமாக ஒரு விதியைச் சேர்த்தார். ஆனி, ஆடிக் காற்றில் வெளிக்கடலில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலுக்கு லாஞ்சுப் படகில் போய், ஆடுகிற கயிற்றேணியில் ஏறி, கேப்டனிடம் கையெழுத்து வாங்கிவர எங்களில் யாருக்கும் ஆசை கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் ஆட்டத்தில் முதலில் வெளியேறுகிறவர் அடுத்த கப்பலுக்குப் போகவேண்டும். மேலாளர் என்று தனக்குச் சலுகை கிடையாது, எல்லோரும் சமம் என்று அவரே அறிவித்தார். அன்று முதல் சமத்துவம் என்னை வாந்தியெடுக்க வைத்தது.

ஆட்டத்துக்கு ஆட்டம் நானே தோற்றதற்கு என் படிப்பும் ஒரு காரணம். சாத்தான்குளத்து ஆசிரியர் வீட்டுப் பிள்ளை. புராணம், காப்பியம் என்று கண்டதையும் வாசித்தவன். ஆகவே என் கட்டு முழுக்க டிராகன்களும் மாமந்திரவாதிகளும். அவற்றை இறக்கப் பல சுற்றுகள் சக்தி சேர்க்கவேண்டும். அவை வருவதற்குள் நான் போய்விடுவேன். மேலாளரோ ஸ்ரீவைகுண்டத்துக்காரர், ஆற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை நம்பாதவர். அவருடைய கட்டில் சில ஆட்டுக்குட்டிகள், சில மதில்கள், காயம் ஆற்றும் மூலிகைகள். அவர் யாரையும் அடிக்கமாட்டார். விரல் மட்டும் நீட்டுவார். "எனக்கென்ன வே, ரெண்டு ஆட்டுக்குட்டிய வச்சுக்கிட்டு ஓரமா கெடக்கேன். அங்கன பாரும், நம்ம வித்துவான் என்னமோ கொண்டாரப் போறாரு. இப்பமே தட்டிரும்" என்று அண்ணாச்சியிடம் சொல்வார். அண்ணாச்சி தட்டுவார். அக்காவும் ஒரு தட்டு தட்டுவார். நான் லாஞ்சில் ஏறுவேன்.

ஒருநாள் சட்டையெல்லாம் உப்புத் தண்ணீரும் அதற்கு மேல் சொல்லக்கூடாததுமாக நான் திரும்பி வந்தபோது, மேலாளர் மின்விசிறிக்கடியில் மக்ரூன் தின்றுகொண்டிருந்தார். "என்ன வே, கடக்காத்து நல்லாருந்துச்சா? ஒடம்புக்கு நல்லதுல்லா" என்றார். அந்த 'ஒடம்புக்கு நல்லது'தான் என்னை மாற்றியது. இனி நான் ஜெயிக்கவேண்டாம்; அவர் ஒருமுறை லாஞ்சில் ஏறினால் போதும். தன் பூதத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும் தானச் சீட்டுகள் சில அந்தப் பெட்டிகளில் இருந்தன. யார் அதைக் கட்டில் சேர்ப்பார்கள்? அக்கா குப்பை என்று ஒதுக்கியிருந்தார். என் மாமந்திரவாதிகளைக் கொடுத்து அந்தக் குப்பையை வாங்கினேன். "இவருக்குப் புத்தி பெரண்டுபோச்சு" என்று அக்கா அண்ணாச்சியிடம் கவலைப்பட்டார்.

அடுத்த ஆட்டத்தில் எப்படியோ உயிர்பிழைத்து டிராகனை இறக்கினேன். மேலாளரின் விரல் வழக்கம்போல் எழுந்தது. அது என்னை எட்டுமுன் தானச் சீட்டைப் போட்டேன். "இது உங்களுக்கு, சார்." இன்னொரு தானம், ஒரு மலைப்பூதமும் அவருக்கே. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! மதிலுக்குப் பின்னால் ஒதுங்கியே பழகியவருக்குப் படை கிடைத்த பூரிப்பு. ஆனால் கைமாறிய பூதம் ஒரு சுற்று தூங்கும்; அடிக்கவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது. அவர் முறை வருமுன் அக்காவும் அண்ணாச்சியும் ஆடவேண்டும். "ஆத்தி, இத்தனையும் வச்சுக்கிட்டு ஆட்டுக்குட்டின்னு சொல்லுதியளே சார்!" என்றார் அக்கா. "எனக்கு எதுக்கும்மா, அவருல்லா குடுத்தாரு" என்று மேலாளர் பதறினார். அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "குடுத்தது யாரா இருந்தா என்ன சார், முழிச்சுக்கிட்டா எங்களத்தான திங்கும்." இருவரும் இருந்ததையெல்லாம் அவர்மேல் இறக்கினார்கள். டிராகன் கண் திறக்கவேயில்லை.

மேலாளரை வழியனுப்ப நானே துறைக்குப் போனேன். லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இழுத்து மாட்டியும்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் வாடின வெற்றிலை நிறத்தில் இருந்தார். "கடக்காத்து நல்லாருந்துச்சா, சார்?" என்றேன். எனக்குள் இரக்கம் என்று ஏதாவது சுரக்கும் என்று மரியாதைக்குச் சற்று நேரம் காத்திருந்தேன். சுரக்கவில்லை. நேராகப் பரோட்டாக் கடைக்குப் போனேன்.

போன ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு யாரைப் போடலாம் என்று முதலாளி கேட்க, பிரிவு உபசாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் புகழ்ந்தார். என் அறிவு, என் பொறுமை, முக்கியமாகக் கடலில் எனக்குள்ள அனுபவம். நான் கண்கலங்கி மாலை போடக் குனிந்தேன். என் காதோடு சொன்னார்: "முழிக்கதுக்குள்ள அடிச்சிருவாங்க வே."

அடுத்த நாள் மதியம் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து நான் சீட்டைக் கையில் எடுத்ததும் அக்காவும் அண்ணாச்சியும் சேர்ந்தாற்போல் என்னைத்தான் பார்த்தார்கள். ஆட்டுக்குட்டியை இறக்கினாலும் மேலாளருடைய ஆட்டுக்குட்டி அல்லவா? இந்த ஆனியில் வந்த கப்பல் அத்தனைக்கும் நான்தான் போனேன். காற்று கூடும் நாட்களில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தொலைபேசி வரும், நலம் விசாரிக்க.

அவர் தெருவில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆறு மாதமாகத் தலைவர் கிடைக்கவில்லையாம். குழாயில் தண்ணீர் வராதது, சாக்கடை அடைப்பது, நாய் கடிப்பது எல்லாவற்றுக்கும் தலைவரின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்களாம், விடியுமுன்பே. சென்ற ஞாயிறு நான் பஸ் ஏறிப் போய், சங்கத்துச் செயலாளரைச் சந்தித்து, எங்கள் பழைய மேலாளரைப்போல் நிர்வாகத் திறமையும் சமத்துவ எண்ணமும் உள்ளவரை நான் கண்டதில்லை என்று ஒரு மணி நேரம் புகழ்ந்துவிட்டு வந்தேன்.

ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.