சாவி பதித்த பிஸ்கட்

லைப்சிக் நகரத்தில் எங்களுக்குக் கிடைத்த வாடகை வீட்டில் கட்டில் இல்லை, ஜன்னலுக்குத் திரை இல்லை. ஆனால் பெரிய ஓவன் ஒன்று இருந்தது. மூன்று வருடம் அதற்குள் தோசைக்கல்லையும் வாணலியையும் அடுக்கி வைத்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பாதிப் பேர் இதையேதான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "பழுதா?" என்றாள். "இல்லை, அலமாரி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பிஸ்கட் என்பது எங்கள் ஊரில் வீட்டில் சுடுகிற பண்டமே இல்லை என்று என் அரைகுறை ஜெர்மனில் அவளுக்கு எப்படிச் சொல்வது?

மதுரை தல்லாகுளத்தில் நாங்கள் குடியிருந்தபோது, தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா மைதாவும் சர்க்கரைப் பொடியும் டால்டாவும் சேர்த்துப் பிசைந்து தூக்குவாளியில் போட்டுக் கொடுப்பாள். நானும் அக்காவும் அதைப் பின்தெருப் பேக்கரிக்கு எடுத்துப் போய், அங்கேயே உருட்டித் தட்டில் அடுக்கி, சுட்டு வாங்கி வர வேண்டும். தெருவே வரிசையில் நிற்கும். எது யார் வீட்டுப் பிஸ்கட் என்று தெரிய, வீட்டுக்கு ஒரு தடம் உண்டு. சிலருக்குச் சோடா மூடி, சிலருக்குச் சீப்பு. எங்களுக்கு வீட்டுப் பூட்டின் சாவி. பேக்கரி மாஸ்டர் நீளக் கட்டையால் தட்டை உள்ளே தள்ளும்போது அந்த விறகடுப்பின் வாய்க்குள் தெரியும் சிவப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று.

"உள்ள ஒரு ஊரு இருக்குடி" என்று அக்கா கதையைத் தொடங்கியது அங்கேதான். அந்த ஊரில் எல்லா வீடும் பூட்டிக் கிடக்கும். பெரியவள், சின்னவள் என்று இரண்டு சகோதரிகள் சாவியோடு போய் வருடத்துக்கு ஒரு வீட்டைத் திறப்பார்கள். ஒரு வீட்டில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த செருப்பெல்லாம் மலைபோலக் குவிந்திருந்தது. இன்னொன்று, கோடையில் வைகைத் தண்ணீர் போய்ப் படுத்துக்கொள்ளும் வீடு. அந்த வயதில் இதெல்லாம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் மலைத்துப் போகிறேன். கதைக்கு ஒரே சட்டம்தான். தட்டு உள்ளே இருக்கும்வரை கதை. வெளியே வந்தால், எந்த இடமானாலும் நின்றுவிடும். மீதி அடுத்த தீபாவளிக்கு. கல்யாணமாகி நான் ஜெர்மனிக்குக் கிளம்பிய வருடம், கடைசி வீட்டின் பூட்டில் சாவியைப் போட்டதோடு நின்றது.

போன வருடம் அம்மா படுத்த படுக்கையானபோது அக்காதான் ஒத்தக்கடையில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். என் விசா புதுப்பிப்பு இழுத்துக்கொண்டே போக, காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். "விருந்தாடி கணக்கா வந்துட்டுப் போற" என்றாள் அக்கா. அதன்பிறகு அவள் பேச்சு சுருங்கிவிட்டது. என்ன கேட்டாலும் "ம்", "சரி", அவ்வளவுதான். அவளை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இந்தத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஓவனைக் காலி செய்துவிட்டு, "பிஸ்கட் சுடப் போறேன்க்கா, மிச்சக் கதையச் சொல்லு" என்று கேட்டேன்.

"வீட்டு அடுப்புக்கெல்லாம் கதை கிடையாது. கடை வரிசையில நிக்கணும்" என்று போனை வைத்துவிட்டாள்.

நின்றேன். தீபாவளிக்கு முந்தின நாள் காலை, சாவி பதித்த பிஸ்கட் தட்டைத் துணியால் மூடித் தெருமுனைப் பேக்கரிக்குக் கொண்டுபோனேன். பூட்டு எங்கள் சொந்தப் பூட்டு என்பதால், தல்லாகுளம் வீட்டைக் காலி செய்தபோது ஒரு சாவி என்னிடம் தங்கியிருந்தது. கல்லாவில் இருந்த பெண், "வெளியாட்களிடம் நாங்கள் வாங்குவதில்லை" என்றாள். விற்க வரவில்லை என்றேன். "ஓ, அன்பளிப்பா!" என்று முகம் மலர்ந்து தட்டைப் பிடித்தாள். நான் விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது வரிசையில் என் பின்னால் இருந்த வயதான அம்மாள், "அது என்ன தடம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். பிறகு, தன் சின்ன வயதில் கிறிஸ்துமஸ் ரொட்டியான ஸ்டொலனுக்கு மாவு பிசைந்து அவர் அம்மா பேக்கரிக்குத்தான் எடுத்துப் போவார் என்றும், மாறிவிடாமல் இருக்க வீட்டுப் பெயர் பொறித்த தகரத் துண்டை அதில் குத்தி வைப்பார்கள் என்றும் சொன்னார். கடல்கள் தாண்டி இங்கேயும் ஒரு சிறுமி அதே வரிசையில் நின்றிருக்கிறாள்! அவரே உள்ளே குரல் கொடுத்தார். மாவுக் கையோடு வந்த பேக்கர் தட்டைப் பார்த்து, "பன்னிரண்டு நிமிடம்" என்றார்.

வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டேன். மாட்டுத்தாவணியில் பூ வாங்கிக்கொண்டு அப்போதுதான் வீடு வந்திருந்தாள். வரிசையைச் சுற்றிக் காட்டினேன்.

"எம்புட்டுப் பேரு நிக்குறாக?"

"ஆறு பேருக்கா."

"தட்டு?"

"உள்ள போயிருச்சு."

பூப்பையைக் கீழே வைத்தாள். பூவை எடுத்துத் தொடுக்கத் தொடங்கினாள். நிமிடங்கள் ஓடின. பிறகு கதையை ஆரம்பித்தாள்.

"கடைசி வீட்டுக்குள்ள பெரியவ மட்டுந்தான் போனா. சின்னவளக் காணோம். கட்டில்ல அம்மா படுத்திருந்தா. சின்னவ வந்துட்டாளான்னு கேட்டா."

ஓவன் மணி அடித்தது. பேக்கர் கதவில் கை வைத்தார். இன்னும் இரண்டு நிமிடம் என்று நான் இரண்டு விரலைக் காட்டினேன். "கருகிவிடும்" என்றார். தலையாட்டினேன். மணிச் சத்தம் அக்காவுக்கும் கேட்டிருக்கும். சட்டம் போட்டவள் அவள். நிறுத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கருகட்டும் விடுடி" என்றாள் அக்கா. "வந்துட்டாம்மா, வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்கான்னு பெரியவ சொன்னா. சரி, மெதுவா வரட்டும்னு அம்மா கண்ண மூடிக்கிட்டா. மறுநாளும் கேட்டா. மறுநாளும் அதையேதான் சொன்னா. கடைசி நாள் வரைக்கும் அதையேதான் சொன்னா."

அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி அதுவரை அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இத்தனை நாள் அந்தப் பொய்யை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். கடையில் அத்தனை பேர் நடுவே அழுதேன். அந்தப் பக்கம் அவளும்.

பிஸ்கட் ஓரமெல்லாம் கறுத்து வந்தது. சாவித் தடம் மட்டும் தெளிவாக இருந்தது. அந்த அம்மாள் ஒன்றைக் கடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கூசாமல் பொய் சொன்னார். அக்கா போனை வைக்கவில்லை. என் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சூடான தட்டைத் துணியோடு இரண்டு கையிலும் ஏந்தி வீட்டுக்கு நடந்தேன். வாசலில் ஒரு காலால் மறுகால் குதியை மிதித்து நெம்பிக்கொண்டிருந்தபோது பைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்னடி சத்தத்தக் காணோம், வீட்டுக்குள்ள போயிட்டியா?"

"இன்னும் இல்லக்கா" என்றேன். "வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்கேன்."