கலங்கல் தேடி ஓடுகிறேன்

வருசநாட்டில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஆறு செக்கச்செவேலென்று போகிறது, எனக்கோ கொண்டாட்டம். தேத்தா மரத்துப் பழத்தின் கொட்டை கலங்கல் நீரை எப்படித் தெளியவைக்கிறது என்று ஆராய்கிறவனுக்கு இதைவிட நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? பஸ் வரும்வரை டீக்கடை பெஞ்சிலேயே சோதனையைத் தொடங்கிவிடுகிறேன். கண்ணாடிக் குடுவையில் ஆற்றுநீர். அதில், கல்லூரியில் மிக்சியில் அடித்துக் கொண்டுவந்த கொட்டைப் பொடி. அரை மணி நேரமாகியும் பொடிதான் மிதக்கிறது, சிவப்பு போகவில்லை.

கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். "இதைப் போயி யாராச்சும் மிக்சியில அடிப்பாகளா, சார்? பானையில இழைக்கணும்."

என்னிடம் ஒரு முழுக் கொட்டையை வாங்கி, ஈர மண்பானையின் உள்பக்கத்தில் சந்தனம்போல இழைக்கிறார். மீதி ஆற்றுநீரை அதில் ஊற்றிக் கலக்குகிறேன். இரண்டாவது டீயை நான் குடித்து முடிப்பதற்குள் சேறு திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்குகிறது. கொட்டை இழைத்த தடம் தண்ணீருக்குள் பளிச்சென்று தெரிகிறது! நான் போட்ட சத்தத்தில் கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பானைக்குள் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒருமுறை தெளிந்தால் அது ஆராய்ச்சி ஆகாது. தேனி பஸ் ஹார்ன் அடிக்கிறது. அதைப் போகவிட்டுவிட்டு, கடைக் குடத்தோடு ஆற்றுக்கு ஓடுகிறேன்.

பின்னாலிருந்து அவர் குரல் துரத்துகிறது: "நல்லாக் கலங்குன தண்ணியாப் பாத்து மோந்துட்டு வாங்க, சார்!"