குடிக்காதவர் போன புதன்கிழமைக் கூட்டம்

மேனாம்பேட்டில் ஒருவருக்கு ஈரலில் கோளாறு என்றால், அவர் எந்தக் கடையில் வாங்குகிறார் என்பதுதான் அடுத்த கேள்வி. கோவிந்தராஜுக்கு அதற்குப் பதில் தெரியாது. ஐம்பது வயது தாண்டியும் அவர் குடித்ததிலேயே கடுமையானது சுக்குக் காப்பி. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். ஆயுத பூஜை அன்று மற்றவர்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஒதுங்கும்போது இவர் பொரி மூட்டைக்குக் காவல் இருப்பார். கண் மஞ்சளானதும் இந்த நற்சான்று எதுவும் செல்லுபடியாகவில்லை.

முதலில் தெருவே கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு வந்தது. அதில் அடங்காததால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஊசி விட்டு ஈரலில் துளி சதையும் எடுத்தார்கள். டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: கிருமியை அடிப்பதற்காக உடம்பில் இருக்கிற படை, ஆள் அடையாளம் தெரியாமல் இவர் ஈரலையே அடிக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கும், ஆனால் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. பெயர் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ்.

இத்தனை நீளப் பெயரைச் சுமக்கத் தெருவில் யாரும் தயாராக இல்லை. 'லிவர்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். "டாக்டருங்க மரியாதைக்கு அப்படித்தாம்மா ஒரு பேரு சொல்வாங்க" என்று பக்கத்து வீட்டம்மா ராணிக்கு விளக்கினார். ராணி கோவிந்தராஜின் மனைவி. கணவரை நம்புகிறவர்தான், ஆனாலும் பக்கத்து வீட்டைத் தினமும் பார்த்தாக வேண்டுமே.

மாத்திரை நோயை அடக்கியது. பதிலுக்கு முகத்தைப் பூசணிக்காயாக்கியது. கன்னம் சிவந்தது, கை நடுங்கியது, தூக்கம் போயிற்று. ஒரு குடிகாரனுக்கு உண்டான அத்தனை லட்சணமும் சொட்டுக்கூடக் குடிக்காமலே அவருக்கு வந்து சேர்ந்தது.

"குடிச்சா விட்டுடலாம். குடிக்கலைன்னா சும்மா உக்காந்துட்டு வாங்க, என்ன கெட்டுப்போச்சு" என்று ராணி அவரை ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஜெபாவின் டியூஷன் சென்டரில் கொண்டுபோய் விட்டார். ஜெபா பல வருஷம் முன்பு குடியை விட்டவர். விட நினைக்கிறவர்களுக்காக வாரா வாரம் கூட்டம் நடத்துகிறார். பெரிய ஆட்கள் எல்லாரும் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"என் பேரு கோவிந்தராஜ். நான் குடிக்கறதில்ல."

எல்லாரும் கை தட்டினார்கள்.

"எப்பலேர்ந்து?" என்றார் ஜெபா.

"எப்பவுமே."

கைதட்டல் நின்றது. பக்கத்தில் இருந்த சின்னசாமி அவர் தோளில் கை போட்டார். அவர் அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர். "பரவால்ல நைனா. நானும் மொத வருசம் இத்தான் சொல்லிகினு இருந்தேன்."

கோவிந்தராஜ் கோபித்துக்கொண்டு அன்றே எழுந்து வந்திருக்கலாம். அடுத்த புதனும் போனார், அதற்கடுத்த புதனும் போனார். 'லிவர்' என்றதும் முகம் சுளிக்காத இடம் ஊரிலேயே அது ஒன்றுதான். "ராத்திரி தூங்கினியா? அரிப்பு கீதா? வவுறு உப்பிச்சா?" என்று அங்கேதான் கேட்டார்கள். எஸ்டேட்டில் இருபது வருஷம் கூட வேலை பார்த்தவர்கள் கேட்காத கேள்விகள். அவருக்கு அது பிடித்திருந்தது. இல்லாத குடிப்பழக்கத்துக்கு அனுதாபம் வாங்குகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அதற்கு ஈடாக எல்லாருக்கும் டீ போட ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில் மகள் பானுப்பிரியாவுக்குப் பட்டாபிராமில் ஒரு வரன் அமைந்தது. பெண் பார்க்க வந்த அன்று கோவிந்தராஜ் நீட்டிய காப்பி டம்ளர் தட்டோடு சேர்ந்து தாளம் போட்டது. பையனின் சித்தப்பா ராகவன் அந்தத் தாளத்தையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார். "சாருக்கு உடம்புக்கு என்ன?" என்றார். "லிவர்" என்று சொல்லிவிட்டு ராணி நாக்கைக் கடித்துக்கொண்டார். பையன் வீட்டில் யோசிக்கிறார்கள் என்று மறுநாள் தரகர் சொன்னார். பானுப்பிரியா பையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். ஏதாவது திட்டிவிட்டுப் போயிருந்தால் கோவிந்தராஜுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவர் மாத்திரையை நிறுத்தினார்.

தினமும் அட்டையிலிருந்து பிரித்தார், வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார், மொட்டை மாடிக்குப் போய்த் துப்பினார். எறிய மனசு வராமல், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தார். முகம் வற்றியது. கை நடுக்கம் நின்றது. சொந்தக்காரர்கள் பூரித்தார்கள். "பாத்தியா, விட்டதும் எப்படித் தெளிஞ்சிட்டாரு!" பையன் வீட்டிலும் காதில் விழுந்திருக்க வேண்டும், நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். உள்ளுக்குள் சோறு இறங்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்கியது. அதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை அவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். இருட்டுகிற நேரம். ஆள் மறுபடி குடிக்கிறார் என்று சின்னசாமி முடிவு கட்டினார். மறுநாள் காலையில் வீட்டுக்கே வந்து, வாசலில் செருப்பை விட்டு நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். குடிகாரர்கள் சரக்கை ஒளிக்கிற இடங்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு. அத்தனையிலும் சின்னசாமி ஒளித்திருக்கிறார். டேங்குக்குப் பின்னால் கையை விட்டதும் கவர் கிடைத்தது. பின்னாலேயே மூச்சு வாங்க கோவிந்தராஜ் வந்து நின்றார்.

"இன்னா இது?"

"மாத்திரை."

"அது தெர்து. சரக்கு எங்க?"

"இல்ல."

சின்னசாமி கவரைப் பார்த்தார், கூலிங் கிளாஸைக் கழற்றி மஞ்சள் கண்ணைப் பார்த்தார். "நெசமாவே நீ குடிச்சதே இல்லியா?"

"நானும் வந்த நாள்லேர்ந்து அதத்தானே சொல்றேன்."

சின்னசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி. குடிக்கறதுக்கு நாங்க சொன்ன பொய்ய எல்லாம், நீ சாவறதுக்குச் சொல்லிகினு கீறியே!"

"என் மூஞ்சியப் பாத்து பொண்ண வேணான்னுட்டா இன்னா பண்றது?"

"அப்பன் இல்லாத பொண்ணுன்னா மட்டும் வந்து வாரிகினு போவானா?"

கோவிந்தராஜ் அழுதார். பயமாக இருக்கிறது என்று சொன்னார். நோய் வந்ததிலிருந்து யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்ட ராணி கீழே ஓடிப்போய் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டு கணவரோடு சின்னசாமியின் ஆட்டோவில் ஏறினார். டாக்டரம்மா தமிழிலும் இங்கிலீஷிலும் திட்டிவிட்டு அட்மிஷன் போட்டார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொன்ன பிறகு, ராணி காரிடாரில் வெகுநேரம் நின்றார்.

அதன் பிறகு தினமும் காலையில் சின்னசாமியின் போன் வரும். "போட்டியா?" "போட்டேன். நீ?" "நான் தொடல." அதோடு வைத்துவிடுவார்கள்.

குடிக்காத ஆளைக் குடிகாரர் கூட்டத்தில் வைத்திருக்கலாமா என்று ஒருவர் கேள்வி எழுப்பினார். சட்டப்படி நியாயமான கேள்விதான். ஜெபா யோசித்தார். "இவரு போயிட்டா டீ யாரு போடுவா?" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நிச்சயதார்த்தத்துக்குள் பூசணிக்காயும் நடுக்கமும் திரும்பி வந்துவிட்டன. "யாரை வேணா கூப்பிடுங்க, அந்தக் கூட்டத்தை மட்டும் வேணாம். பட்டாபிராம்காரங்க கண்டுபிடிச்சிடுவாங்க" என்று ராணி கெஞ்சினார். கோவிந்தராஜ் ஒருவர் விடாமல் கூப்பிட்டார். எல்லாரும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, ஹாலின் கடைசி வரிசையில் பயந்தபடி உட்கார்ந்தார்கள். ராணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. பெண் வீட்டுத் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மேலே பட்டுப் புடவை. கோவிந்தராஜ் கையில் வாங்கியதும் தட்டு ஆட ஆரம்பித்தது. தேங்காய் உருண்டது. பக்கத்தில் நிற்க வேண்டிய தாய்மாமன் முறைக்கு ராணியின் பெரியப்பா மகனை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் போன் பேச வெளியே போயிருந்தார். ராகவன் தட்டையே பார்த்தார். ஹாலே தட்டைப் பார்த்தது. கோவிந்தராஜ் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது இன்னும் ஆடியது.

கடைசி வரிசையிலிருந்து சின்னசாமி எழுந்து வந்தார். யாரையும் கேட்காமல் தட்டின் அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தார். தட்டு நின்றது.

"இவரு யாருங்க?" என்றார் ராகவன்.

கோவிந்தராஜ் வாயைத் திறப்பதற்குள் ராணி முந்திக்கொண்டார். "எங்க அண்ணன்" என்றார். ஹாலுக்கே கேட்கிற குரலில் இன்னொரு தரமும் சொன்னார். "பொண்ணுக்குத் தாய்மாமன்."

தட்டு மறுபடியும் ஆடத் தொடங்கியது. இந்த முறை ஆட்டம் சின்னசாமியின் பக்கத்திலிருந்து வந்தது.