மூன்று கால் குதிரையும் நாயகம் அண்ணையும்

இடியப்ப மா கையில் ஒட்டியிருக்க, அயல்வீட்டு அக்கா வேலியால் எட்டிச் சொன்னார்: "நாயகம் அண்ணை போயிட்டாராம்." என் வாயில் முதலில் வந்தது, "கடையைத் திறந்து வைச்சிட்டோ போனவர்?" அவரை அறிந்தவர்கள் இதற்குக் கோபிக்கமாட்டீர்கள். அந்தக் கடை பூட்டியிருந்து யார் கண்டோம்?

எங்கள் ஊர் நாரந்தனையில் அவர் திருத்தாத மின்சாதனம் இல்லை. ஒருநாள் மிக்சியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, வீட்டுக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் தலையணை உறைக்குப் பூத்தையல் வடிவம் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டத்துக்குக் கட்டம் நிறம். அண்ணை எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, ரீவி கேமிலையும் எல்லாம் கட்டம்தான். எனக்கொரு நெடுந்தீவுக் காட்டுக்குதிரை கீறித் தாருமன்."

பழைய ரீவி கேம் பெட்டிக்குச் சொந்தமாக ஒரு விளையாட்டுக் கசெற் செய்வது அவருடைய நெடுநாள் ஆசை. குதிரை கல்வேலிகளைத் தாண்டிக் கடைசி வள்ளத்தைப் பிடிக்கவேண்டும். கட்டம் போதாமல் என் குதிரைக்கு மூன்று கால்தான் வந்தது. "மூண்டு காலோடையே நல்லாத்தானே ஓடுது, விடும்," என்றார்.

ஆனால் குதிரை தாவும்போது எழுந்த சத்தம், சின்ன வயதில் என் தம்பிமார் ஆடிய ரீவி கேமில் கேட்ட அதே சத்தம்.

"அண்ணை, இது வேறை கொம்பனியின்ரை எல்லோ?"

"சத்தம் மட்டும்தான் தங்கச்சி. கடன் மாதிரி."

"கேளாமல் எடுத்தால் அது கடன் இல்லை. அம்மாளாச்சிக்கு முன்னாலை நிண்டு இது எங்கடை எண்டு சொல்ல என்னாலை ஏலாது. என்ரை பேரைப் போடாதேங்கோ."

அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு பெயரும் சேர்ந்து திரையில் வரவேண்டும் என்று அவ்வளவு ஆசை அவருக்கு. அடுத்த கிழமை கூப்பிட்டார். இப்போது குதிரை தாவினால் வள்ளத்தின் ஊதல்!

"வள்ளக்காரனைக் கேட்டுத்தான் எடுத்தனான். 'ஊதலுக்கும் உத்தரவோ, உமக்கென்ன விசரோ?' எண்டு சிரிக்கிறான்."

என் பெயர் ஏறியது. பிறகுதான் கவனித்தேன், கசெற்றின் வெளிக்கோது ஏதோ பழைய களவுக் கசெற்றை உடைத்து எடுத்தது. கேட்டபோது தலையைச் சொறிந்தார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கும் அண்ணை சில பிரதி செய்து கொடுத்தார். ஒரு வருடம் கழித்து, யாழ்ப்பாணத்தில் நூறு விளையாட்டு அடங்கிய கசெற் ஒன்று வாங்கிவந்தார். அதில் ஒன்று எங்களுடையது! பெயர்களை அழித்திருந்தார்கள். மூன்று கால் குதிரை மட்டும் அப்படியே ஓடியது. எனக்கு நெஞ்சு கொதித்தது. அண்ணை கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்: "எங்களையும் களவெடுத்துப்போட்டாங்கள் தங்கச்சி! இனி நாங்களும் கொம்பனிதான்!" சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிய, அவர் மனைவி அந்த முதல் கசெற்றை என்னிடம் தந்தார். ஒட்டியிருந்த துண்டில் அண்ணையின் கிறுக்கல்: "வேலை: நான். படம்: தங்கச்சி. ஊதல்: வள்ளக்காரன், கேட்டு எடுத்தது. கோது: ஆரின்ரையோ, கேக்க ஆள் கிடைக்கேல்லை."

அதைச் சாமி அறையில் வைத்திருக்கிறேன். கும்பிடும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது, அம்மன் பொறுப்பாள். குதிரைக்கு நாலாவது கால் கீற எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. இனிக் கீறமாட்டேன். இல்லாத அந்தக் காலில்தான், யாராலும் அழிக்கமுடியாதபடி, எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது.