பச்சைப் பொட்டு வைத்த மிக்ஸி

பாளையங்கோட்டையில் மெர்வினிடம் மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. இதற்கென்றே இரண்டு மிக்ஸிகளைக் கடையில் வைத்திருந்தான். பழுதானதை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவான்.

"உங்களுது சரியாகுத வரைக்கும் இதுல அரைங்க. சட்டினி நின்னா வீட்டுல சண்டைலா வரும்" என்பான்.

அந்த இரண்டில் ஒன்று சைவம், ஒன்று அசைவம். சிவன் கோயில் தெருவில் மீனும் முட்டையும் வாசல் தாண்டாத வீடுகள் வரிசையாக உண்டு. கருவாடு அரைபட்ட ஜாரை எத்தனை முறை கழுவினாலும் அவர்களுக்கு அது கருவாட்டு ஜார்தான். அதனால் மெர்வினின் அக்காள் பாக்கியவதி, சைவ மிக்ஸிக்கும் அதன் ஜாருக்கும் பச்சை நெயில் பாலிஷிலும், மற்றதற்குச் சிவப்பிலும் பொட்டு வைத்துக் கொடுத்திருந்தாள்.

ஐ.டி.ஐ.யோடு படிப்பை நிறுத்தியவன்தான் என்றாலும் மெர்வின் எந்த வேலையையும் அரைகுறையாக விடமாட்டான். ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்து புதிது மாற்றினால், பழையதை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி, மிக்ஸியோடு சேர்த்துக் கொடுப்பான். "பழச வச்சு நாங்க என்ன செய்ய?" என்று கேட்பவர்களிடம், "மாத்துனேன்னு நீங்க நம்பணும்லா" என்று சொல்லிச் சிரிப்பான்.

ஆடி மாதம் மெயின் ரோட்டில் ஒரு பெரிய சர்வீஸ் கடை வந்தது. வீட்டுக்கே வந்து எடுத்துப் போனார்கள். மிக்ஸிக்கு ஒரு சல்லடை இலவசமாகவும் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் மெர்வினின் மேசை காலியாகிவிட்டது. மிஞ்சியது சிவன் கோயில் தெரு மட்டும்தான். அதற்கும் காரணம் அந்தத் தெருவில் குடியிருந்த கோமு. கோமு ஒரு கடையை நன்றாயிருக்கிறது என்று சொன்னால் அந்தத் தெருவே அங்கே போகும். சரியில்லை என்றால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

புரட்டாசி அமாவாசைக்கு முந்தின நாள் கோமுவின் மிக்ஸி நின்றுபோனது. மெர்வின் பச்சைப் பொட்டு மிக்ஸியைக் கொடுத்தனுப்பினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இஞ்ஞாசியம்மாள் கடைக்கு வந்தார். கடற்கரை ஊர்க்காரர், மகள் வீட்டோடு வந்து தங்கியிருப்பவர். போன வாரம்தான் தம்முடைய மிக்ஸியை வாங்கிக்கொண்டு சிவப்புப் பொட்டு மிக்ஸியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"ஏலே மெர்வினு, ஒரு பாவத்தச் சொல்லிட்டுப் போவம்னு வந்தேன்."

"அதுக்குச் சாமியார்ட்டலா போகணும் பெரியம்மா?"

"சாமியாருக்கு மிக்ஸியப் பத்தி என்னலே தெரியும்? ஒன் ஜாரக் கீழ போட்டுட்டேன். கைப்பிடிக்கு அடியில ஒரு சில்லு பேந்துட்டு. நீ பாக்கலியா?"

மெர்வின் சிவப்பு மிக்ஸியின் மேலிருந்த ஜாரை எடுத்துப் பார்த்தான். கைப்பிடி முழுசாக இருந்தது. திருப்பிப் பார்த்தான். சில்லு எதுவும் போகவில்லை.

சனிக்கிழமை இரண்டு ஜாரையும் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துக் கழுவியது நினைவுக்கு வந்தது. ஜார்களில் இருந்த பொட்டு இரண்டும் உரிந்து போயிருந்தன. இதுதான் சைவ ஜார் என்று பார்வையாலேயே முடிவுகட்டி மாட்டிவைத்தவன் அவன்தான்.

"என்னலே, மூஞ்சி வெளுத்துட்டு?"

"பெரியம்மா, அந்த ஜார்ல என்ன அரச்சீங்க?"

"வேற என்னத்த அரைப்பேன்? நெத்திலிக் கருவாட்டுத் துவையல். நாலு நாளும்."

கோமுவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. இஞ்ஞாசியம்மாளைக் கடையில் உட்காரச் சொல்லிவிட்டு, சரியான ஜாரைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

கோமு ஈரத்தலையோடு வாசலுக்கு வந்தாள்.

"என்ன தம்பி, கடைய விட்டுட்டு இந்நேரத்துல?"

"அந்த ஜார மாத்திக் குடுக்க வந்தேன்க்கா."

"ஏன், ஒழுகுமா? எனக்கு நல்லாத்தான அரைக்கு. இப்பதான் அவியலுக்குத் தேங்கா அரச்சு ஊத்துனேன்."

அவளே ஒரு பொய்யை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெரு தங்கிவிடும்.

"ஒழுகலக்கா. மாறிப்போச்சு. அது கருவாடு அரச்ச ஜார். தப்பு என்னுது."

உள்ளேயிருந்து கோமுவின் கணவர் குரல் வந்தது: "கோமு, காக்காய்க்கு வைக்க நேரமாகுது பாரு!" அவள் உள்ளே போனாள். அவியல் சட்டியைப் புறவாசலில் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து மிக்ஸியையும் ஜாரையும் படியில் வைத்தாள்.

"காய் நறுக்குததுல இருந்து இனிமே தொடங்கணும்."

"நான் தேங்கா திருவித் தரட்டாக்கா?"

"நீ செஞ்சதே போதும். பக்கத்து வீட்டுல மிக்ஸி வாங்கிக்கிடுதேன். போ."

அன்றே கோமுவின் மிக்ஸியைச் சரிசெய்துவிட்டான். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கால் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது பாக்கியவதி, "பொட்டு வச்சவ நான்லா? அழியும்னு எனக்குல்லா தெரிஞ்சிருக்கணும்" என்றாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

நான்கு நாட்கள் அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. இஞ்ஞாசியம்மாள்தான் தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "எங் கருவாடு ஒம் பொழப்பக் கெடுத்துட்டேலே" என்று புலம்பினார்.

ஐந்தாம் நாள் கடை வாசலில் ஆட்டோ ஒன்று நின்றது. கோமு இறங்கினாள். கைக்கு ஒன்றாக இரண்டு மிக்ஸிகள்.

"இது ரெண்டும் எங்க தெருவுது. என்னுது சரியாயிட்டா?"

"அன்னைக்கே சரியாயிட்டுக்கா. கொண்டுவரப் பயமா இருந்துச்சு."

"மெயின் ரோட்டுக் கடைக்குப் போங்கன்னுதான் எல்லாருட்டயும் சொன்னேன். பெறவு யோசிச்சேன். அங்கன எதுவும் மாறிப்போனா, எவன் வீடு தேடி வந்து சொல்லப் போறான்?"

பையிலிருந்து புது ஜார் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் வயிற்றில் 'சைவம்' என்று வெட்டியிருந்தது.

"உன் பச்சை மிக்ஸிக்குச் சேருததாக் கேட்டு வாங்குனேன். பாத்திரக் கடையிலயே பேரு வெட்டியாச்சு. எவ்வளவு தேச்சாலும் போகாது. நகப்பாலிசை நம்பியா யாவாரம் பண்ணுவாங்க?"

"அப்ப எனக்கும் ஒண்ணு வெட்டச் சொல்லுங்க தாயி," என்றார் ஸ்டூலில் இருந்த இஞ்ஞாசியம்மாள். "நெத்திலின்னு."

கோமு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மெர்வின் அவளுடைய மிக்ஸியை எடுத்து வைத்தான். பக்கத்தில் பழைய கப்ளர் கிடந்த கவரையும் வைத்தான். கோமு கவரில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள். அமாவாசைத் தேதி. கவரை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.