மூத்தவரைக் காணோம்

செய்தி வந்தபோது வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பது. பெங்களூர் தொம்மலூர் வீட்டுச் சமையலறையில், நிறைமாதமாக இருக்கும் மகளுக்காக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார் ரெமிஜியஸ். கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரின் பங்குச் சாமியார் ஒரு படம் அனுப்பியிருந்தார்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் பழுப்பேறிய பக்கம். பிரெஞ்சுச் சாமியார் ஒருவரின் சாய்ந்த கையெழுத்து. 1894. ரெமிஜியஸுக்குத் தெரிந்த லத்தீன் மொத்தம் ஆறு வார்த்தை. அதில் ‘மகன்’ ஒன்று. அந்த வார்த்தைக்கு முன்னால் சவரிமுத்து. பின்னால் சூசைமாணிக்கம், அன்னம்மாள்.

“ஆஞ்சலா! தாத்தா கிடைச்சுட்டார்!”

“கத்தாதீங்க டாடி, உள்ள இருக்கிறது உதைக்குது,” என்றாள் மகள். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் ஓடித்தான் வந்தாள்.

பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருடம் மெக்கானிக்காக இருந்தவர் ரெமிஜியஸ். எஞ்சினில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை நாலு வருடம் அலைக்கழித்தது ஒரே ஒரு பிறப்பு.

தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியின் கல்லறைத் தோட்டத்தில் 1921-ல் இறந்த சூசைமாணிக்கத்தின் கல் ஒன்று இருக்கிறது. அவர் ரெமிஜியஸின் கொள்ளுத்தாத்தா என்பது வீட்டுப் பேச்சு. மனைவி கேத்தரினுக்கு அந்தக் கல்மேல் தனிப் பிரியம். அவளும் தம்பி டெரிக்கும் சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து விடுதியில் வளர்ந்தவர்கள். மெழுகுவத்தி ஏற்ற அவர்களுக்கென்று ஒரு கல்லறை கிடையாது. அதனால் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே இறந்தோர் திருநாளுக்கு முன்னால் அந்தக் கல்லைக் கழுவி, எழுத்துகளுக்குக் கறுப்புப் பெயின்ட் பூசுவது அவள் வேலையாயிற்று. போன அக்டோபரில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. “மிச்சம் நாளைக்கு,” என்று எழுந்துவிட்டாள். ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். இடமில்லாததால் பொது வரிசையில் வைத்தார்கள். அந்தக் குழிக்கே சில வருடங்களில் வேறொருவர் வருவார்.

நூறு வருடம் தாண்டிய கல்லறைகளுக்கு வாரிசுகள் பதிவுகளோடு வர வேண்டும், இல்லாவிட்டால் இடம் பொதுவாகிவிடும் என்று கல்லறைக் கமிட்டி அறிவித்து நாலு வருடம் ஆகிறது. கடைசித் தவணை நாளை சனிக்கிழமை மதியம். வாரிசு உறுதியானால் கேத்தரின் பெயரை அந்தக் கல்லிலேயே வெட்டலாம். பிறகு அவள் எலும்புகளையும் அங்கே சேர்க்கலாம்.

அவரும் கேத்தரினும் வியாழன்தோறும் கோயில் கோயிலாகப் போய்ப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். அவள் வாசிப்பாள், அவர் எழுதிக்கொள்வார். சூசைமாணிக்கத்தின் இரண்டாவது பிள்ளை இருந்தது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது இருந்தன. மூத்தவர் சவரிமுத்து, ரெமிஜியஸின் சொந்தத் தாத்தா, அவர் மட்டும் எதிலும் இல்லை. சங்கிலி அங்கேதான் அறுந்து கிடந்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஆஞ்சலா ஹைதராபாத்திலிருந்து பிரசவத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரி கவுன்டரில் கன்னடக்கார நர்ஸ் சஹானா படிவத்தில் பேனாவைத் தட்டினாள்.

“எந்த அட்ரஸ் ஹாக்கணும்? ஹஸ்பண்டுதா, அம்மா வீடா?”

“அம்மா வீடுதான். தலைப்பிரசவம் இல்லையா,” என்றாள் ஆஞ்சலா. அம்மா இல்லாவிட்டாலும் அது அம்மா வீடுதான்.

ரெமிஜியஸ் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். “அடப் பாவி!”

சஹானா பயந்துபோனாள். “உங்களை இல்லைம்மா, என்னைச் சொல்லிக்கிறேன்.”

முதல் பிள்ளை தாய்வீட்டில் பிறக்கும். ஞானஸ்நானமும் அங்கேதான். பெங்களூரின் பதிவேடுகளில் மூத்தவர் எப்படி இருப்பார்? கேத்தரினுக்கும் இது தோன்றாமல் போனது நியாயம்தான். பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடு இருந்ததில்லை. ஆஞ்சலாவை இந்த வீட்டில் வைத்துத்தான் பெற்றாள். அன்றிரவே ரெமிஜியஸ் சூசைமாணிக்கத்தின் திருமணப் பதிவை எடுத்து அன்னம்மாளின் ஊரைப் பார்த்தார். மறுநாளே அந்த ஊர்ப் பங்குச் சாமியாருக்குக் கடிதம் போட்டார்.

இப்போது படம் வந்தாயிற்று. ஆனால் கமிட்டிக்கு வேண்டியது முத்திரை போட்ட சான்றிதழ்.

டெரிக் அரைமணியில் காரோடு வந்தான். ஓசூர் ரோட்டில் அத்திபெலேவுக்கு முன்னால் லாரிகள் நகரவே இல்லை. ரெமிஜியஸ் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

“மாமா, 1894-ல பொறந்தவருக்கு என்ன அவசரம்? எங்கயும் ஓடிட மாட்டார்.”

“சாமியார் அஞ்சு மணிக்குப் பூசைக்குப் போயிடுவாருடா!”

“போனா நாமும் முட்டி போடுவோம். நீங்க கோயிலுக்குள்ள பதிவேடு பார்க்காம உக்காந்து எத்தனை வருஷமாச்சு?”

நாலேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாமியார் பதிவேட்டைத் திறந்தே வைத்திருந்தார். மை மங்கவே இல்லை. ரெமிஜியஸ் பக்கத்தைத் தொடாமல், எழுத்துக்கு மேலே விரலை மட்டும் ஓட்டினார். முத்திரை விழுந்த சத்தத்தில் டெரிக் கைதட்டிவிட்டான்.

மறுநாள் பதினொன்றரைக்குக் கமிட்டி மேசையில் காகிதங்கள் வரிசையாக விழுந்தன. செயலாளர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இது நீங்க. இது அப்பா. இது தாத்தா... ஓ, இவர் அங்கயா பொறந்தார்?”

“தலைப்பிரசவம்,” என்றார் ரெமிஜியஸ், தானே பெற்றவர் மாதிரிப் பெருமையாக.

செயலாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் டெரிக் அவர் தோளில் கைபோட்டான். இன்னொரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

புதன்கிழமை கல்வெட்டுகிறவர் வந்து கேத்தரின் பெயரை வெட்டி, பளபளவென்று கறுப்பு ஏற்றிவிட்டுப் போனார். மேலே பழைய பெயரில் ‘சூசை’ வரைதான் கறுப்பு இருக்கிறது. ‘மாணிக்கம்’ இன்னும் பூசப்படவில்லை.