படகிலிருந்து குதித்த கோல்கீப்பர்

ஆஸ்வின் ஹாரிகனின் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. கரீபியன் தீவான எங்கள் அங்குவில்லாவில் அந்த எடை இரண்டு இடங்களுக்குத் தேவைப்பட்டது. ஒன்று கால்பந்து அணி. இன்னொன்று தாய்மாமன் கிளாவிஸின் பந்தயப் படகு. பலத்த காற்றில் பாய்மரப் படகு கவிழாமலிருக்க, விளிம்பில் உட்காரக் கனமான ஆள் வேண்டுமே.

பகலில் துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை இறக்குவான். மாலையில் உப்புக்குளத்து ஓரம் பயிற்சி. மீன் வலையைத் தைத்துக் கோல்வலை கட்டியவனும் அவன்தான். எட்டு வருடமாக எங்கள் அணி ஒரே ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. இந்த முறை பக்கத்துத் தீவை ஜெயித்தே தீருவதென்று இருந்தான். ஆனால் ஊருக்குப் புதிதான பயிற்சியாளர் தேதி குறித்தது ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமைக்கு. அன்றுதான் வருடாந்தரப் படகுப் பந்தயம்!

"மாமா, நாலு மணிக்கு மேட்ச். இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

"உங்கம்மா கல்யாணத்தன்னிக்கே படகு ஓட்டினவன்டா நான். ஏறு."

ஏறினான். கடைசி மிதவையைத் திரும்பும்போது காற்று அடியோடு நின்றது. போட்டிப் படகு கொஞ்சம் முன்னால். காற்று செத்தால் பாரத்தைக் கடலில் இறக்குவது எங்கள் பந்தய வழக்கம். முதலில் மணல் மூட்டை, அப்புறம் மனிதர்கள்.

"குண்டா, குதி!"

"நிஜமாவா மாமா?"

"உனக்காக இல்லடா, படகுக்காக! குதி!"

நீந்திக் கரையேறி, மீன் வண்டியில் தொற்றி, சொட்டச் சொட்ட மைதானத்துக்கு வந்தபோது இரண்டாம் பாதி. நாங்கள் ஒரு கோல் முன்னிலை. மாற்று கோல்கீப்பர் டெல்வின் நொண்டிக்கொண்டே கையுறையைக் கழற்றினான்.

"ஐயா குளிச்சு முடிச்சாச்சா?"

கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. அதற்குள் கடற்கரைக் கூட்டம் சங்கு ஊதிக்கொண்டு வந்துசேர்ந்திருந்தது. கோலுக்குப் பின்னாலிருந்து கிளாவிஸின் குரல்:

"டேய், படகு விளிம்புல சாயற மாதிரி சாய்டா!"

பந்து இடது மூலைக்குப் பறந்தது. ஆஸ்வின் மொத்த உடம்பையும் அந்தப் பக்கம் சாய்த்தான். பந்து முழங்கையில் பட்டு வெளியே போனது. விசில்.

"படகும் ஜெயிச்சுது மருமவனே! அடுத்த வருஷமும் உன்னைத் தள்ளி விடறேன்!"

அவனைத் தோளில் தூக்க எங்கள் ஆட்டக்காரர்கள் முயன்றார்கள். முடியவில்லை. படகுக்காரர்களும் வந்து கை கொடுத்த பிறகுதான் ஆஸ்வின் தரையை விட்டு எழும்பினான்.